கைகோக்காத புரதம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு வடிதாள் துண்டு இருக்கிறது. நடுவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். பார்த்தால் வெறும் தாள்தான். ஆனால் என் மூன்று மாத உழைப்பு அந்த வட்டத்துக்குள்தான் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டியெடுத்துச் சொட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் டி.என்.ஏ. இறங்கிவிடும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போன் செய்தாலே, "இரு, உங்க அண்ணன்கிட்ட குடுக்கறேன்" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். அண்ணன் தன் கண்ணாடிக் கடையில் யார் எந்தப் பிரேம் மேல் உட்கார்ந்து உடைத்தார்கள் என்ற கதையெல்லாம் சொல்லிவிட்டு, "சாப்டியா?" என்று முடித்துவிடுகிறான். நான் உங்கள் சோதனைக்கூடத்தை விட்டுக் கிளம்பி வந்த இரண்டு வருஷமாக இதே கூத்துதான்.

போன வாரம் அவன்தான் வாய் தவறிச் சொன்னான். இந்த வருஷம் முடிவதற்குள் படிகம் வராவிட்டால் உங்கள் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டாராமே? கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதைச் சொல்லும்போதே அண்ணனுக்கு மூச்சு இளைத்தது. ஆஸ்துமாவுக்கு எடுக்கும் அந்த மருந்து இப்போதும் அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை, இல்லையா? மூச்சுக்குழாயில் உட்கார்ந்துகொண்டு 'இறுக்கு, இறுக்கு' என்று உத்தரவு போடும் அந்தப் புரதத்தின் உருவத்தை யாராவது ஒருவர் பார்த்துவிட்டால் போதும், அதை அடக்க வேண்டிய மருந்து எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். அந்த யாராவது ஒருவர் நீங்கள்தான் என்று நான் இன்னும் நம்புகிறேன்.

என் அறைத்தோழி வங்கியில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு, "ஒரு புரதத்தைப் படம் எடுக்க என்னடி அவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டாள்.

"தனியா ஒண்ணை எடுக்க முடியாது. கோடிக்கணக்குல ஒரே மாதிரி வரிசையா நிக்கணும், அதுதான் படிகம். அதுல எக்ஸ்-ரே பாய்ச்சினாத்தான் உருவம் தெரியும். எங்க புரதம் வரிசைக்கே வர மாட்டேங்குது. பாதி உடம்பு செல்லோட கொழுப்புச் சவ்வுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. வெளிய நீட்டிட்டிருக்கறது தொளதொளன்னு ஒரு வளையம். பக்கத்துல நிக்கறதைப் பிடிச்சுக்க அதுக்குக் கையே இல்ல."

அண்ணி, அந்தக் கையை ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தொளதொள வளையத்தை வெட்டிவிட்டு, அதே இடத்தில் ஒரு சின்னத் துணைப் புரதத்தின் மரபணுவைச் செருகியிருக்கிறேன். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்தது. கூழாங்கல் போல இறுக்கமானது, கூப்பிட்டால் படிகமாகிவிடும் ரகம். இரண்டும் ஒரே சங்கிலியாகச் செல்லுக்குள் உருவாகும். கூழாங்கல்லும் கூழாங்கல்லும் கைகோத்துக்கொண்டால் நம் புரதமும் கூடவே வரிசையில் நின்றுவிடும்.

தெரியும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. உங்கள் சோதனைக்கூடக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னதுதானே: "இன்னொரு புரதத்தை ஒட்டவெச்சு எடுத்தா அது நம்ம புரதத்தோட முகமா, முகமூடியா?" நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு நாத்தனார் போனால் ஊரில் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள்!

ஒரே ஒரு தடவை வளர்த்துப் பாருங்கள்.

உங்கள்
சுண்டு

*

பிப்ரவரி 15

சுண்டு,

தாள் வந்தது. குப்பையில் போடவில்லை.

உன் அண்ணன் வாய் தவறிச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவருக்கு வாய் தவறாது. வேண்டுமென்றேதான் தவறவிடுவார். இயக்குநர் சொன்னது நிஜம். நுண்ணோக்கி அறையை அளந்துபார்க்க இப்போதே ஆள் வந்து போகிறார்கள். நான் உள்ளே இருக்கும்போதே கதவைத் தட்டாமல் டேப்பை நீட்டுகிறார்கள்.

என் கருத்தில் மாற்றமில்லை. நீ சொருகியிருக்கும் கூழாங்கல், என் புரதத்தின் வடிவத்தைக் கோணலாக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? இருந்தாலும் வளர்த்துப் பார்க்கிறேன். பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. புரதம் தயாரிக்கப் பூச்சிச் செல் வளர்க்கும் குடுவைகள் சும்மா கிடக்கின்றன.

ஒரு கேள்வி. துணைப் புரதத்தின் இரு முனையிலும் இவ்வளவு நீளமான இணைப்பு எதற்கு? கன்றுக்குட்டியைக் கயிறு கட்டி மேயவிட்டது போல இருக்கிறது.

அவருக்கு இளைப்பு இருக்கிறதுதான். படியேறினால் இரண்டாவது திருப்பத்தில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பது போல நடிக்கிறார். அதில் படிக்க ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் நேரம்தான்.

அண்ணி

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதிவிட்டீர்கள்! அதிலும் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்! உங்களுக்குப் பிடிக்காத விஷயத்தில் கேள்வியே கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? சோதனைக்கூடத்தில் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் குதித்த குதியில் பக்கத்து மேஜைக்காரர் பதறிப்போய், "கையில ஆசிட் கொட்டிடுச்சா?" என்று ஓடிவந்தார்.

கயிறு நீளம் ஏன் என்றால், இரண்டு புரதமும் ஒன்றையொன்று இடிக்காமல் தனித்தனியாக மடிந்து உருவாக இடம் வேண்டாமா? அதனால்தான் தாராளமாக விட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டுமென்றால் நடுவில் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும். (இது புரதத்தைப் பற்றித்தான்.)

அண்ணனைப் படியேற விடாதீர்கள்.

சுண்டு

*

மே 9

சுண்டு,

உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்.

படிகம்!

தூய்மையாக்கிய புரதத்தைக் கொழுப்போடு சேர்த்துப் பற்பசை போலப் பிசைந்து, கண்ணாடித் தட்டுகளில் துளித்துளியாக வைத்திருந்தேன். இன்று காலை வழக்கம்போல ஒவ்வொரு துளியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழக்கமான வேடிக்கைதான்: கலங்கல், எண்ணெய்க் குமிழி, ஒன்றுமே இல்லை, மறுபடி கலங்கல். அடுத்த துளிக்குத் தட்டை நகர்த்தினால் ஓரம் கூராக, பக்கம் பட்டையாக, பளீரென்று ஒரு பெட்டி. பக்கத்தில் இன்னொன்று. அந்தத் துளி முழுக்க நகைக்கடைக் கண்ணாடி அலமாரி போல மின்னிக்கொண்டிருந்தது.

எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இருந்தது. ஆறு வருஷத்தில் இந்த நுண்ணோக்கியில் நான் ஒரு நேர்க்கோட்டைக்கூடப் பார்த்ததில்லை. அறையை அளக்க வந்தவரை உட்காரவைத்து, "பாருங்க, இதுல பாருங்க" என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க, உப்பா?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

எக்ஸ்-ரே நிலையத்தில் யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை என்று ஓர் இடம் காலியாகியிருக்கிறது. திரவ நைட்ரஜன் குடுவையோடு பதினாலாம் தேதி கிளம்புகிறேன். உன் அண்ணனும் கூட வருவேன் என்று அடம் பிடிக்கிறார்.

உன் கூழாங்கல் நல்ல கூழாங்கல்.

அண்ணி

*

மே 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்து நடுக்கூடத்திலேயே ஆடினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

இவ்வளவு பெரிய, இவ்வளவு பளபளப்பான படிகமா? இவ்வளவு சீக்கிரமாகவா? தயவுசெய்து கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு படிகத்தைக் கரைத்து, அதிலிருக்கும் புரதத்தின் அளவு என்ன என்று ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். முழு நீளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் சும்மா பயப்படுகிறேன் என்றே இருக்கட்டும்.

போனை நீங்களும் எடுக்கவில்லை, அண்ணனும் எடுக்கவில்லை. இது உங்கள் கைக்கு நேரத்தோடு வந்து சேர வேண்டும்.

சுண்டு

*

மே 16

சுண்டு,

உன் கடிதம் வந்தபோது நான் போய்விட்டுத் திரும்பியே வந்துவிட்டேன். ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முதல் வருஷ மாணவிக்கு நானே சொல்லித்தரும் பாடம். கண்முன் படிகம் மின்னியதும் எல்லாம் மறந்து போய்விட்டது.

படங்கள் அபாரம். திரை முழுக்கப் புள்ளிகள், விளிம்பு வரை. நிலையத்துக்காரர்களே எழுந்து வந்து பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் உருவத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அதில் இருந்தது உன் கூழாங்கல். கூழாங்கல் மட்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூழாங்கற்கள் கைகோத்துக்கொண்டு, நடுவில் விரல் நுழையக்கூட இடமில்லாமல், குடும்பப் படத்துக்கு நிற்பது போல நிற்கின்றன. என் புரதம் அந்தப் படத்திலேயே இல்லை.

செல்லிலிருந்து கூடவே வந்த ஒரு நொதி உன் நீளக் கயிறு இரண்டையும் கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. துணை தனியாகக் கழன்று போய் ஜோராகப் படிகமாகிவிட்டது. என் புரதம் குழம்பாகத் துளியின் அடியில் கிடக்கிறது.

திரும்பும்போது உன் அண்ணன்தான் வண்டி ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கல்யாணப் பொண்ணு இல்லாம கூட்டம் மட்டும் வந்துருச்சாக்கும்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன்.

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது. இது போதும் என்று நினைக்கிறேன், சுண்டு.

அண்ணி

*

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

போதாது! போதவே போதாது!

கோபப்படாமல் கேளுங்கள். கழன்றது என் கயிறு. உங்கள் புரதம் எந்தத் தப்பும் செய்யவில்லை. துணை படிகமாகுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆகிறது. இனி அதைக் கழல விடாமல் பிடித்துவைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. கயிறே வேண்டாம். உங்கள் புரதம் ஏழு சுருளாகச் சவ்வைக் குத்திக்கொண்டு நிற்கிறதே, அதில் வளையத்துக்கு முந்தின சுருள் எங்கே முடிகிறதோ அங்கேயே துணையின் சுருள் தொடங்கட்டும். இரண்டு கம்பியை ஒரே கம்பியாகப் பற்றவைத்தது போல. ஆடவும் முடியாது, கடிக்கவும் முடியாது.

ஆனால் சரியாக எந்த இடத்தில் பற்றவைப்பது? ஓர் இடம் தள்ளிப்போனாலும் சுருளே கோணிக்கொள்ளும், அப்போது உங்கள் முகமூடிப் பயம் நிஜமாகிவிடும். இங்கே கம்ப்யூட்டரில் எல்லா விதமாகவும் வரைந்து பார்த்துவிட்டேன். அது எல்லா இடத்துக்கும் தலையாட்டுகிறது. எனக்கு நீங்கள் வேண்டும். அந்த நொதியோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறீர்களே, அது கடிக்காத இடம் எது? எங்கே தொட்டால் உங்கள் புரதம் சுணங்கும், எங்கே தொட்டால் கண்டுகொள்ளாது?

இதை எனக்குச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது, அண்ணி.

சுண்டு

*

மே 27

சுண்டு,

ஐந்தாவது சுருளின் கடைசி அமினோ அமிலத்தோடு நிறுத்தாதே. அதற்கடுத்த இரண்டையும் விட்டுவை. அவையும் சுருளின் பகுதிதான், வளையம் என்று எல்லாரும் எழுதிவைத்திருப்பது தப்பு. நொதி அங்கே ஒருநாளும் வாய் வைத்ததில்லை. மறுபக்கம் ஆறாவது சுருளில் தாராளமாக உள்ளே வரலாம், ஒரு முழுத் திருப்பத்தை வெட்டினாலும் அது கண்டுகொள்ளாது. எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்திருக்கிறேன், எதுவும் படிகமாகாததால் வெளியே சொன்னதில்லை.

இன்னொன்று. இதோடு உன் அண்ணனின் மருந்தையும் சேர்த்தே வளர்ப்பேன். மருந்து உட்கார்ந்திருந்தால் என் புரதம் கொஞ்சம் அடங்கி நிற்கும்.

எழுத உட்கார்ந்தபோது மறுக்கத்தான் உட்கார்ந்தேன். பாதியில் பென்சிலை எடுத்து வரையத் தொடங்கிவிட்டேன். வரைந்ததையும் இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் செய்.

அண்ணி

*

செப்டம்பர் 2

சுண்டு,

உன் இரண்டாவது தாளிலிருந்து வந்த புரதத்தை முதலில் படிகத் துளிக்கு அனுப்பவில்லை. அது முகமா முகமூடியா என்று தெரியாமல் நான் துளி வைக்கமாட்டேன். கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, கதிரியக்க அடையாளம் போட்ட மருந்தைக் கொடுத்து, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளந்தேன்.

பிடிக்கிறது. கைவைக்காத அசல் எப்படிப் பிடிக்குமோ அப்படியே பிடிக்கிறது. நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்தேன். கடைசித் தடவை உன் அண்ணனைப் பக்கத்தில் நிற்கவைத்து எண்களை உரக்கப் படிக்கச் சொன்னேன். என் ஆசை என் கண்ணை ஏமாற்றக்கூடாது பார். கண்ணாடிக் கடைக்காரராச்சே, எழுத்துப் பலகையைப் படிப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். அதே எண்கள்தான்.

அப்புறம்தான் துளி வைத்தேன். படிகம் வந்திருக்கிறது. பெட்டியும் இல்லை, மின்னலும் இல்லை. கண்ணிமை முடியைப் பொடியாக நறுக்கித் தூவியது போல இருக்கிறது. இந்தத் தடவை நாலைந்தைக் கரைத்து ஜெல்லில் ஓட்டிவிட்டேன். முழு நீளம், சுண்டு! என் புரதமும் உன் துணையும் கழலாமல் ஒரே கோட்டில் நிற்கின்றன.

ஆனால் ரொம்பச் சிறியவை. எக்ஸ்-ரே பட்டதும் கருகிவிடும். ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். போய்த்தான் பார்க்க வேண்டும். இயக்குநர் இது கடைசி என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி

*

செப்டம்பர் 19, எக்ஸ்-ரே நிலையம்

சுண்டு,

காலையில் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்து "ஹலோ, ஹலோ" என்றாய். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன். அந்த ஊமைப் போன் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கட்டடம் எவ்வளவு பெரிதென்றால், உள்ளேயே ஆட்கள் சைக்கிளில் போகிறார்கள். முதலில் வைத்த படிகங்கள் ஒன்றும் காட்டவில்லை. திரை வெறிச்சென்று இருந்தது. ஒன்று ஊசிமுனையிலிருந்து விழுந்தே போய்விட்டது. பொறுப்பாளர் இளகிய மனசுக்காரர். "காபி குடிச்சிட்டு வாங்களேன்" என்றார். நான் நகரவில்லை. அடுத்ததில் மங்கலாகச் சில புள்ளிகள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் தள்ளி. கதிரை ஒடுக்கச் சொன்னேன், படிகத்தின் ஒரு முனையில் மட்டும் படும்படி. திரை நிறையப் புள்ளிகள்! "வருது, வருது!" என்று நான் கத்தியது சைக்கிளில் போனவருக்கே கேட்டிருக்கும், நிறுத்தி எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றும் கருகுவதற்குள் பிடுங்கியது வரை லாபம் என்று, கொண்டுபோன எல்லாப் படிகத்தையும் காட்டி, துண்டு துண்டாகச் சேர்த்துவைத்தோம்.

புள்ளிகளை வைத்து உருவத்தைத் தேட, உருவம் தெரிந்த ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? உன் துணையின் உருவம்தான் நமக்குத் தெரியுமே. அதைத்தான் முதலில் தேடச் சொன்னேன். உடனே கிடைத்தது. அது மட்டும் கிடைத்தது. சுற்றிலும் இருட்டு. மறுபடியும் அதே கூழாங்கல் குடும்பப் படமா என்று நினைத்தேன்.

கணக்கை இன்னொரு சுற்று ஓடவிட்டேன். துணையின் ஒரு முனையிலிருந்து புகை மாதிரி ஏதோ கிளம்பியது. மறுமுனையிலிருந்தும் கிளம்பியது. இன்னொரு சுற்று. புகை இறுகிச் சுருளாயிற்று. நீ பற்றவைத்த இடத்தில் ஒரு நெளிவுகூட இல்லை, கம்பி நேராகப் போகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, ஏழு சுருளும் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றன. ஆறு வருஷம் பேர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது போல இருந்தது.

உன் கூழாங்கற்கள் மேலே கைகோத்து நிற்கின்றன. என் புரதம் அவற்றுக்குக் கீழே, நெருக்கடி எதுவும் இல்லாமல், தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் அதை இடிக்கவில்லை. அது முகம்தான்.

சுருள்களுக்கு நடுவில் இருக்கும் குழிக்குள் மருந்தும் தெரிகிறது. நேராக உட்காரவில்லை. நாற்காலியின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், குழியின் ஆழத்தில், ஒன்றுமே தொடாத ஒரு காலி இடம். சிலரிடம் பிடி நழுவுவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன் திரையில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து பார்த்தார். அப்புறம், "இத்தனை நாளா என் நெஞ்சுல உக்காந்து அதிகாரம் பண்ணது இவன்தானா? பார்த்தா சாதுவா இருக்கானே!" என்றார்.

படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இயக்குநருக்கு அனுப்பிய நகலில் முதல் பெயர் உன்னுடையது. இதைப் பற்றி நீ பேசக்கூடாது.

அண்ணி

*

செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன். ஆனால் பெயர் வரிசையைப் பற்றி நேரில் சண்டை உண்டு.

அந்த ஊமைப் போனுக்கு நான் பின்னால் விட்ட வசவு முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உறையை மாடிப்படியிலேயே கிழித்துவிட்டேன். படத்தை விரித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஆட்கள் என்னைச் சுற்றிப் போனார்கள். அறைத்தோழி வந்து எட்டிப் பார்த்து, "சுருட்டி வெச்ச ரிப்பன் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ நாள்?" என்றாள். "ஆமாடி, இதுக்குத்தான்!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். சோதனைக்கூடத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மருந்துகளை வடிவமைக்கும் எங்கள் வேதியியல்காரர் நேற்றிலிருந்து அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

அண்ணி, அந்தக் காலி இடம்! நேற்று முழுக்க நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. மருந்தின் அந்தப் பக்க முனையில் சின்னதாக ஒரு அணு வளையம் சேர்த்தால் நேராகப் போய் அந்த ஆழத்தில் பொருந்திவிடும். வேதியியல்காரர், "வளையம் ரொம்பப் பெருசும்மா, ஒரு கிளை போதும்" என்கிறார். நீங்களும் கிளை என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் எப்போதும் சின்னதையே கேட்பீர்கள். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. வளையம்தான்.

எங்கள் தலைவர் ஆறு மாதத்துக்கு என்னை அங்கே அனுப்பச் சம்மதித்துவிட்டார். முப்பதாம் தேதி காலை வண்டியைப் பிடிக்கிறேன். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கே படி அதிகம். நீங்கள் வாருங்கள். வரும்போது அந்தக் குழியின் அளவை மறக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள். பிளாட்பாரத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.

சுண்டு